மேசையடித் தூசு உறிஞ்சி: ஓராண்டுப் பாவனையின் பின்

கிளிநொச்சியில் செயற்கைப் பல் செய்யும் சிறிய ஆய்வுகூடமொன்றை நடத்திவரும் நான், கடந்த ஆண்டு கொழும்பு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து மேசையின் கீழ் பொருத்தும் தூசு உறிஞ்சியொன்றை வருவித்தேன். அதுவரை மெல்லிய முகக்கவசமும் திறந்த யன்னலுமே என் பாதுகாப்பு. சோளகம் வீசும் மாதங்களில் அந்த யன்னலே தூசை முகத்தில் திருப்பியடிக்கும். செயற்கைப் பல்லைத் தாங்கும் கோபால்ட்-குரோமிய உலோகச் சட்டகம் தேய்த்த நாளில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துவிடும்.

அக்ரிலிக் பிளாஸ்டிக் வேலைக்குக் கருவி நன்று. உறிஞ்சும் வாயிலிருந்து ஒரு சாணுக்குள், பல் பதிக்கும் பிளேற்றைப் பிடித்துத் தேய்த்தால் இளஞ்சிவப்புத் தூள் நேராக உள்ளே போகிறது. கை சற்று விலகினால் பாதி மடியில் விழுகிறது. மின்விசிறியையும் நிறுத்த வேண்டும், இல்லையேல் பயனில்லை. வன்னி வெயிலில் அதுதான் பெரிய சோதனை.

குறை, உடன் வந்த துணிப்பையில் இருக்கிறது. ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைக் கருவியின் பின்புறம் பிடித்தபோது, நுண்தூசு புகைபோல் வெளியேறுவது தெரிந்தது. பருந்தூள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிட, நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்குவது சில மைக்ரோன் அளவான இத்தூசுதான். நுண்தூசையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். உறிஞ்சும் வேகம் சற்றுக் குறைந்தாலும் புகை நின்றது.

உலோகச் சட்டகத்தை வார்த்தெடுத்த அச்சை உடைக்கும் வேலைக்கு இக்கருவி போதாது. அச்சுத்தூளில் உள்ள குவார்ட்சும் கிறிஸ்டோபலைட்டும் படிகச் சிலிக்கா. கல் உடைப்போரைப் பிடிக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை அவை எமக்கும் தரும். அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 1994 முதல் 2000 வரை பல் ஆய்வுகூடப் பணியாளர் 9 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2004இல் வெளியிட்டது. குணப்படுத்த மருந்தில்லாத நோய் இது. ஆகவே அச்சை ஆறவிட்டு நீரில் ஊறவைத்தே உடைக்கிறேன். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமும் அணிகிறேன். புழுதியில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் உதவியாளர் சிரிப்பார். ஆனால் கவசம் பொருந்துவதற்காகத் தாடியை மழித்துக்கொண்டவரும் அவரே.

பை நிறைந்ததும் என்ன செய்வதென்று விற்பனையாளரைக் கேட்டேன். “வெளியில் கொண்டுபோய் உதறிவிட்டுத் திரும்பப் பாவியுங்கள்” என்றார். நான் கவசத்துடன் அதை மெதுவாகக் கழற்றி, நீர் தெளித்து, பொலித்தீன் உறையில் கட்டி அகற்றிவிட்டுப் புதுப்பை போடுகிறேன்.