அம்மாவின் பழைய மிக்ஸியும் 936-உம்: மூன்று வருஷம் ஆன பிறகு

1986-இல் வாங்கிய மிக்ஸி. ஜார், மூடி, கப்ளர் எல்லாம் பல தடவை மாறிவிட்டன. மோட்டார் மட்டும் அதேதான். மூன்று வருஷத்துக்கு முன் அதைப் பிரித்துப் போட்டதற்குக் காரணம் ரேடியோ. திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டுத்தான் அம்மா சமையலைத் தொடங்குவார். மிக்ஸியைத் திருகினால் போதும், செய்தி போய் வெறும் ‘சர்ர்ர்’.

முதலில் கடையில்தான் கொடுத்தேன். ரேடியோவில் விழும் இரைச்சலை அடக்க மோட்டாரில் வைத்திருந்த, மெழுகு வழிந்து கிடந்த பழைய கண்டன்சரைக் கழற்றிவிட்டு, 400 வோல்ட் என்று அச்சிட்ட ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறே வாரம். ஒருநாள் தேங்காய்ச் சட்னி பாதியில் இருக்கும்போது ‘டப்’ என்று வெடித்து, சமையலறை முழுக்கக் கருகிய நாற்றம். அந்த 400 டிசிக்கான கணக்கு. நம் 230 வோல்ட் ஏசியின் உச்சமே 325-ஐத் தொடும். மோட்டார் கிளப்பும் ஸ்பைக் (திடீர் வோல்டேஜ் எகிறல்) அதற்கு மேல். இந்த இடத்தில், மெயின்ஸ் கரண்டின் குறுக்கே போடுவதற்கென்றே வரும் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று எழுதியதைத்தான் போட வேண்டும்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். கண்டன்சர் இரண்டாம் பட்சம், இரைச்சல் பிறக்கும் இடம் கம்யூட்டேட்டர், அதாவது மோட்டாரோடு சுழலும் செம்புப் பட்டைகள் கொண்ட உருளை, என்பது பிரித்ததும் புரிந்தது. செம்பு தேய்ந்து, நடுவிலிருக்கும் மைக்கா மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதை உரசிக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டான பிரஷ் அதில் குதித்துக் குதித்துப் பொறி தள்ளும். உடைந்த ஆக்ஸா பிளேடால் மைக்காவை ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டவே ஒரு மத்தியானம் போயிற்று. புது கார்பன் பிரஷ்ஷின் முனை தட்டையாக இருந்தது. கம்யூட்டேட்டர் மேல் சொரசொரப்பு வெளியே தெரிகிற மாதிரி மெல்லிய உப்புக் காகிதம் சுற்றி, ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பாகத்தை) கையால் உருட்டி வளைவு பிடிக்க வைத்தேன். எமரி வேண்டாம், அதன் தூள் கரண்ட் கடத்தும்.

அதற்குப் பிறகுதான் கண்டன்சர்: பிரஷ்களுக்கு ஒட்டினாற்போல், லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2, பிளக்கைப் பிடுங்கியபின் கையைச் சுண்டாமலிருக்க அதன் குறுக்கே 1 மெகாஓம். அந்த இரண்டு கம்பியிலிருந்தும் எர்த்தோடு சேரும் மோட்டார் ஃப்ரேமுக்கு 2.2 நானோஃபாரட் ஒய் வகை ஒவ்வொன்று. இந்த ஒய் கண்டன்சர் எர்த் சரியாக இருக்கும் வீட்டுக்கு மட்டும். எங்கள் சமையலறைப் பிளக்கில் மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்த பிறகுதான் போட்டேன். கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மெகரில் பார்க்காமல் அம்மா கையில் கொடுக்கவும் இல்லை.

இரைச்சல் சுத்தமாகப் போகவில்லை. ஆனால் ஓடும்போதே செய்தி புரிகிறது. மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் தினமும் இதில்தான். நடுவில் ஒருமுறை ‘சர்ர்ர்’ மெல்லத் திரும்பியது. திறந்து பார்த்தால் பிரஷ் கால்வாசிகூட மிச்சமில்லை. இப்போதெல்லாம் அம்மாவே, “டேய், ரேடியோ கொரகொரங்குது, கரித்துண்டு வாங்கிட்டு வா” என்கிறார்.

போன மாசம் அப்படிச் சொன்னபோது பிரஷ் நன்றாகத்தான் இருந்தது. குற்றவாளி, அடுப்புக்கு மேலே புதிதாக மாட்டிய மலிவு எல்இடி பல்பு.