ஆம்போடெரிசினா, போசகோனசோலா: பொட்டாசியம் கணக்கு

2021 மே மாதம் கரும்பூஞ்சைக்காகப் பாபநாசத்திலிருந்து சித்தப்பாவைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம். ஐந்தாம் நாள் காலை காபி டம்ளரைத் தூக்கினார். பாதியிலேயே கை தாழ்ந்துவிட்டது. பூஞ்சை மூளைக்கு ஏறிவிட்டதென்று சித்தி அழுதார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தசை தளரும்.

ஏறிக்கொண்டிருந்தது பழைய ஆம்போடெரிசின், அந்த மஞ்சள் டிரிப். பூஞ்சையின் மேல்சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்கிற மருந்து இது. சிறுநீரகக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. பலகை சரியாக விழாத மதகு மாதிரி, பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் ஒழுகிக்கொண்டே இருக்கும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் மட்டும் ஊற்றினால் உடம்பில் தங்காது. சித்தப்பாவுக்கு இரண்டு நாள் சிரப் கொடுத்தும் ஏறவில்லை. மக்னீசியம் ஏற்றிய பிறகுதான் ஏறியது.

லிப்போசோமல் வகையில் அதே மருந்து கொழுப்பு உறைக்குள் இருக்கிறது. சிறுநீரகத்துக்குச் சேதம் குறைவு. பழையதை ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் அளவில் நிறுத்த வேண்டியிருக்க, இதை 5 வரை கொடுக்கலாம். கரும்பூஞ்சைக்கு இதுதான் முதல் தேர்வு. கிடைத்தால் இதையே கேளுங்கள் என்பேன். அந்த மே மாதம் அது கிடைக்காமல் நாடே அலைந்தது. ஆனால் இதிலும் பொட்டாசியம் இறங்கும், பரிசோதனையை விடக்கூடாது.

அப்புறம் அதே பூஞ்சைக்குக் கொடுக்கும் போசகோனசோல் மாத்திரை. சிறுநீரகத்தை நேராகத் தொடாது என்பதால் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பயம் அதிகம். சிலருக்கு இது அட்ரீனல் ஹார்மோன்களின் கணக்கைக் குலைத்துவிடும்: உடம்பு உப்பைப் பிடித்து வைக்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதே வகைப் பூஞ்சை மருந்தான இட்ரகோனசோலும் இப்படிச் செய்யும். ஆஸ்பத்திரியில் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறவருக்கு யார் எடுப்பார்கள்? கால் துவண்டால், சதை பிடித்தால், நெஞ்சு படபடத்தால் அன்றே பாருங்கள். அதே வகையில் இன்னொன்றான இசவுகோனசோலில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் கூடுதல்.

சேற்றுப்புண்ணுக்குப் பூசும் கிரீமுக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம்.

பொட்டாசியம் குறைவு என்றதும் தோப்பிலிருந்து நாலு இளநீர் வெட்டி எடுத்துப் போனேன். டாக்டர் தடுத்தார். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் ஏறியிருந்தது, சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது பொட்டாசியம் ஒரேயடியாக மேலே போனால் இதயமே நின்றுவிடும் என்றார். இளநீரைப் பக்கத்துக் கட்டில்காரர்களோடு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து மூன்று எண்களையும் தினமும் கேட்டு எழுதி வைத்தேன்: பொட்டாசியம், மக்னீசியம், கிரியேட்டினின்.