ஜியான் இ5-2680 வி4ஆ ரைசன் 5 5600ஆ: ரெண்டையும் ஓட்டிப் பாத்தவன் சொல்றேன்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் சரி, ஆன்லைன்லயும் சரி, "28 கோர் சர்வர் பிசி, ஐ9க்கு சமம்"னு ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுட்டே இருக்கும். உள்ள இருக்கறது பெரும்பாலும் இன்டெல் சர்வருக்குன்னு செஞ்ச பிராசசர், ஜியான் இ5-2680 வி4. முதல்ல அது 28 கோரே கிடையாது பாஸ், 14 கோர் (வேலை பாக்கற மூளை), 28 திரெட் (ஒரு கோரே ரெண்டு வேலைய சேத்துப் பாக்கறது). 2016ல வந்த சிப்பு, அப்ப இன்டெல் லிஸ்ட்ல போட்ட விலை 1745 டாலர், இப்ப டேட்டா சென்டர்காரங்க கழட்டித் தள்ளுறதால செகண்ட் ஹேண்ட்ல அடிமாட்டு விலைக்குக் கிடைக்குது. அதே பட்ஜெட்ல எல்லாரும் பாக்கற இன்னொன்னு ஏஎம்டி ரைசன் 5 5600, 6 கோர் 12 திரெட், 2022ல 199 டாலருக்கு வந்தது. ரெண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்துல வச்சு வேலை பாக்கறவன்ங்கறதால எழுதறேன், பெஞ்ச்மார்க் படம் போட்டு முடிக்கற ரிவ்யூ இல்ல இது.

விண்டோஸ் டெஸ்க்டாப்புல உக்காந்து வேலை பாக்கறதுக்கு ரைசன்தான், இதுல பேச்சே இல்ல. ஜியான்ல குரோம் திறக்கறது, பெரிய எக்செல் ஷீட்ல ஃபார்முலாவ இழுத்து விடறது, போட்டோஷாப்ல ஃபில்டர் போடறது எல்லாத்துலயும் ஒரு சின்ன இழுவை இருக்கும், ஹேங் ஆகாது, ஆனா நீங்க கிளிக் பண்ணி அது நகர்றதுக்குள்ள ஒரு நொடி யோசிக்கற மாதிரி இருக்கும். காரணம் சிம்பிள். இந்த வேலையெல்லாம் ஒண்ணு ரெண்டு கோர்லதான் ஓடும், மத்த 12 கோரும் கைய கட்டிட்டு நிக்கும். கிளாக், அதாவது கோர் ஓடற வேகம், ஜியான்ல ஒரு கோருக்கு அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், ரைசன்ல 4.4. கிளாக் மட்டும் இல்ல, ஒரே கிளாக்ல ரைசனோட ஜென் 3 வகை கோர் செய்யற வேலையே ஜியானோட பழைய பிராட்வெல் வகை கோர விட அதிகம். பாஸ்மார்க்னு வேகம் அளக்கற டெஸ்ட்ல சிங்கிள் திரெட்டுக்கு ஜியான் 2000 பக்கத்துல நிக்குது, ரைசன் 3200ஐ தாண்டிப் போகுது. ஒரு டம்ளர் காபி போட கல்யாண அண்டாவ அடுப்புல ஏத்தின கதைதான்.

சரி எல்லா கோரையும் ஓட விட்டா? இங்கதான் நிறைய பேர் "14ஆச்சே, ரெண்டு மடங்கு வேகம் வரும்"னு நினைக்கறாங்க. வராது. எல்லா கோரும் வேலை பாக்கும்போது ஜியான் 2.9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல ஏறாது, ரைசனோ 4க்கு மேலயே நிக்கும். எல்லா கோரையும் அளக்கற சினிபெஞ்ச் மல்டி டெஸ்ட்ல ரெண்டும் அக்கம் பக்கமாத்தான் வருது, பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல சிபியு ரெண்டர் போட்டாலும் அதே கதை. அதாவது ஆறு கோர் பதினாலு கோருக்கு ஈடு குடுக்குது, அதுவும் 65 வாட்ல, அங்க 120 வாட். ஆறு வருஷ இடைவெளியும், சிப்புத் தயாரிப்பு 14 நானோமீட்டர்ல இருந்து 7க்கு வந்ததும் பண்ற வேலை இது.

புரோகிராம் எழுதி கம்பைல் பண்றவங்களுக்கு இது கண்ணால பாக்கக் கிடைக்கும். லினக்ஸ்ல 28 ஜாப் குடுத்து பில்ட் போட்டுட்டு பக்கத்துல ஒவ்வொரு திரெட்டையும் ஒரு கோடா காட்டற எச்டாப்ப திறந்து வச்சா 28 கோடும் பச்சையா முட்டிட்டு நிக்கும், பாக்கவே பந்தாவா இருக்கும், அப்புறம் கடைசில எல்லாத் துண்டையும் ஒட்டற லிங்க் ஸ்டெப் வரும் பாருங்க, 27 கோடு படுத்துடும், ஒத்தக் கோடு மட்டும் நூறு சதவீதத்துல நிக்கும், அந்த ஒத்தக் கோர் முடிக்கற வரைக்கும் நாம சுவத்தப் பாத்துட்டு உக்காரணும். ரைசன்ல அந்த இடம் சட்டுனு தாண்டிடும். நாள் பூரா சின்னச் சின்ன மாத்தம் பண்ணி திரும்பத் திரும்ப பில்ட் போடறவங்களுக்கு கோர் எண்ணிக்கைய விட இந்தக் கடைசி ஸ்டெப்தான் உசுர வாங்கும்.

அப்ப சர்வர் சிப்பு டம்மியா? அதுவும் இல்ல. அது வேற வேலைக்கு செஞ்சது. என்கிட்ட இருக்கற ஜியான்ல பிராக்ஸ்மாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போட்டு ஏழெட்டு விஎம் (ஒரே மெஷினுக்குள்ள ஓடற தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி) ஓடுது, ஒண்ணுல டேட்டாபேஸ், ஒண்ணுல ஃபைல் ஷேர், ஒண்ணுல டெஸ்ட் சர்வர்னு, எல்லாத்துக்கும் தனித்தனியா கோர் ஒதுக்கிக் குடுத்ததால ஒண்ணு இன்னொண்ண நசுக்கறதில்ல. ரேம்தான் பெரிய விஷயம். இது ரெஜிஸ்டர்டு ஈசிசிங்கற, தப்பு வந்தா தானே திருத்திக்கற சர்வர் ரேம் எடுக்கும், சர்வர்ல இருந்து கழட்டின அந்த ரேம் சாதா டெஸ்க்டாப் போர்டுல ஓடாதுங்கறதால வாங்க ஆள் கம்மி, அதனால ஜிபிக்கு கணக்குப் போட்டா மலிவு. நாலு சேனல் டிடிஆர்4-2400, கணக்குல நொடிக்கு 76.8 ஜிபி, ரைசனோட ரெண்டு சேனல் 3200ல 51.2தான். ரைசன்ல 128 ஜிபியோட கதை முடிஞ்சுது, இங்க சிப்பு 1.5 டிபி வரைக்கும் தாங்கும், உங்க போர்டுல எத்தன ஸ்லாட் இருக்கோ அதுதான் கணக்கு. கார்டுகளுக்கு டேட்டா போற வழியான பிசிஐஇ லேனும் 40 இருக்கு, ஸ்டோரேஜ் கார்டு, 10 கிக் நெட்வொர்க் கார்டு, கிராபிக்ஸ் கார்டுனு அடுக்கலாம்.

இது ஏதோ பழைய சிப்புங்கறதால வந்த வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஏஎம்டியோட சர்வர் சிப்பு, 2022ல வந்த எபிக் 9654ஐயும் அதே வருஷம் வந்த டெஸ்க்டாப் சிப்பு ரைசன் 9 7950எக்ஸையும் பாருங்க. ரெண்டுலயும் ஜென் 4 கோர்தான். எபிக்ல 96 கோர், 360 வாட், பூஸ்ட் (அதிகபட்ச கிளாக்) 3.7. ரைசன்ல 16 கோர், 170 வாட், பூஸ்ட் 5.7. வகுத்துப் பாத்தா சர்வர்ல ஒரு கோருக்கு நாலு வாட் கூட மிஞ்சாது, டெஸ்க்டாப்புல பத்துக்கு மேல. கரண்டும் சூடும்தான் கிளாக்க முடிவு பண்ணுது, "சர்வர்"ங்கற பேர் இல்ல. ஒரு வேடிக்கை தெரியுமா, 2024ல ஏஎம்டி எபிக் 4004னு ஒண்ணு விட்டாங்க, அது அதே ஏஎம்5 சாக்கெட்ல உக்கார்ற ரைசன் வகையறாதான், மேல எபிக்னு பேர். அதனால "சர்வர் கிரேடு"ன்னு கடைக்காரர் அழுத்திச் சொன்னா உடனே பர்ச திறக்காதீங்க, எந்த மாடல்னு கேளுங்க.

கேம் ஆடறவங்களுக்கு ரெண்டே வரி. ஃபிரேம் ரேட் ரைசன்ல கூட வரும், அத விட முக்கியம் ஜியான்ல விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் கிடையாது, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ஏதோ பைபாஸ் பண்ணி 11ஐ ஏத்தினாலும் வேலரண்ட் மாதிரி கேம் அதுல டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்ப கேக்கும், இந்த போர்டுகள்ல அது இருக்கறது அபூர்வம். வீடியோ எடிட்டிங்னா நான் ரெண்டையுமே சொல்ல மாட்டேன், ரெண்டுலயும் உள்ளயே கிராபிக்ஸ் கிடையாது, இன்டெல் ஐ5-12400 எடுங்க, பேர் கடைசில எஃப் இல்லாததா பாத்து (எஃப் இருந்தா கிராபிக்ஸ் இருக்காது), அதுல இருக்கற குவிக்சிங்க்ங்கற வீடியோ வசதி டைம்லைன ஓட்டற ஓட்டமே வேற.

ஜியான்ல உண்மையான தலைவலி சிப்பு இல்ல, மதர்போர்டு. எக்ஸ்99னு பேர் போட்டு வர்ற சைனா போர்டுகள்ல பலதுல, போர்ட கட்டி ஓட்டற துணைச் சிப்பான எக்ஸ்99 சிப்செட்டே இருக்காது, பழைய போர்டுல இருந்து பிடுங்கின பி85, எச்81 மாதிரி ஏதாவது உக்காந்திருக்கும். நான் வாங்கினது (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க) ஸ்லீப் போட்டா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, பவர் பட்டன அழுத்திப் பிடிச்சு அணைச்சுத்தான் எழுப்பணும். பவர் போட்டதும் அந்த ரெண்டு இலக்க எல்இடில நம்பர் ஒவ்வொண்ணா ஓடி, பயாஸ் லோகோ வர்றதுக்குள்ள போய் தண்ணி குடிச்சுட்டு வந்துடலாம். கரண்ட் பில்லையும் சேத்துக்கோங்க, சும்மா இருக்கும்போதே ரைசன விட ஒரு 30 வாட் கூட இழுக்குது, 24 மணி நேரமும் ஓடினா ரெண்டு மாச பில்லுல 43 யூனிட். ஏற்கெனவே ஏசி ஓடற வீட்ல 500 யூனிட்ட தாண்ட வைக்க அது போதும், தாண்டினா ரேட்டே மாறும்.

ரைசன்லயும் ஒரு எரிச்சல் இருக்கு. பின் எல்லாம் சிப்பு அடில. நடுவுல சூடு கடத்தற பேஸ்ட் காஞ்சு போன கூலர நேரா மேல இழுத்தீங்கன்னா சிப்பும் சேந்து சாக்கெட்ட விட்டு வந்துடும், பின் வளைஞ்சா ரேஸர் பிளேட வச்சு நிமித்தணும். கொஞ்ச நேரம் மெஷின ஓட்டி சூடு பண்ணி, அணைச்சுட்டு கூலர லேசா திருகி எடுங்க.

இவ்ளோ சொல்லியும் விஎம்முக்காக ஜியான்தான் வேணும்னா, கடைல வச்சே சிப்பு மேல இருக்கற எழுத்த செல்போன் டார்ச் அடிச்சுப் படிங்க. 2680 வி4ன்னா எஸ்ஆர்2என்7னு இருக்கணும். "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்"னு இருந்தா அது இன்ஜினியரிங் சாம்பிள், அதாவது விற்பனைக்கு முன்னாடி சோதனைக்குப் போட்ட சிப்பு, வச்சுட்டு வந்துடுங்க. போர்டுல எல்லா ரேம் ஸ்லாட்லயும் ஸ்டிக் மாத்திப் போட்டு, பயாஸ்ல முழு ரேமும் காட்டுதான்னு பாத்துட்டு காசு குடுங்க, அதுக்கு டைம் இல்லன்னு கடைக்காரர் சொன்னா அடுத்த கடை.