நீல டிரம்மா, டிரை பேக்கா? ஆற்றோடு போன சாமான் எதில் திரும்பி வரும்?

ஆற்றுப் பயணத்துக்குச் சாமான் கட்ட எது நல்லது என்று கேட்டால், எல்லோரும் முதலில் பேசுவது உள்ளே தண்ணீர் போகுமா போகாதா என்பதைத்தான். ஒழுங்காக மூடினால் இரண்டிலும் போகாது. மேல்பக்கத்தை மூன்று சுற்றுச் சுருட்டிக் கிளிப் போட்டால், டிரை பேக் என்கிற தண்ணீர் புகாத பைக்குள் எதுவும் நனையாது. ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருந்தால் வாய் அகன்ற பிளாஸ்டிக் டிரம்முக்குள்ளும் நனையாது. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டையும் வாங்கிப் புழங்கிவிட்டு நாங்கள் டிரம் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. சாமான் கைநழுவிப் போன பிறகு அது திரும்பி வருமா?

நாங்கள் என்றால் பென்னாகரம், தர்மபுரிப் பக்கத்து ஆட்கள் சிலர். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியில், நாகமரை, ஒட்டனூர் பக்கம், தெரிந்த மீனவர்களின் பரிசலில் போய், கரையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிற கூட்டம். ஒகேனக்கலுக்கு மேலே காட்டுக்குள் போக எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அது 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாத இடம் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

டிரம் யோசனையைக் கொடுத்தது டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகன். அவன் கோடை வந்தால் ஆல்கான்குவின் பூங்காவுக்குக் கனூ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவான். 1893இல் ஏற்படுத்தப்பட்ட பெரிய காடு, ஏரிக்குப் பக்கத்தில் ஏரி. ஒரு ஏரி முடிந்ததும் படகைத் தோளில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். அங்கே முன்பெல்லாம் கேன்வாஸ் பைதான். 1882இல் காப்புரிமை பெற்ற டுலூத் பை என்ற பெரிய முதுகுப்பையை இன்றும் சிலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். இப்போது அதிகம் கண்ணில் படுவது 30 லிட்டர், 60 லிட்டர் நீல டிரம். மூடிமேல் இரும்பு வளையம் போட்டு நெம்பிப் பூட்டுகிற வகை.

அவனிடம் நான் கேட்டது படகு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று. அவன் சொன்ன பதில்: "மாமா, சாமான் தொலையறது தண்ணியில இல்ல, கரையில." படகை இறக்கி ஏற்றுகிற இடத்தில் தூண்டிலை மரத்தில் சாய்த்து வைப்பார்கள், துடுப்பைப் புல்லில் போடுவார்கள், தண்ணீர் பாட்டிலைப் பாறைமேல் வைப்பார்கள். அப்புறம் அது அங்கேயேதான். பின்னால் வருகிறவர்கள் அதைக் கண்ணுக்கு நேராகக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்களாம், தேடி வந்தால் தெரியட்டும் என்று.

ஒகேனக்கலில் பரிசல் ஏறியவர்களுக்கு இது புதிதில்லை. பாறை வந்ததும் எல்லோரையும் இறக்கிவிட்டு, பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார். நாம் பின்னால் போவோம். செருப்பு, எண்ணெய் பாட்டில், செல்போன், சாப்பாட்டு டப்பா எல்லாம் விட்டுப்போவது அங்கேதான். டிரம்மோ பேக்கோ, உதிரியாக எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒன்றுக்குள் போட்டு மூடுகிற பழக்கம் வந்தாலே பாதி நஷ்டம் குறையும். இதில் டிரம்முக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் தருவேன். நின்றுகொண்டிருக்கும் நீல டிரம்மை மறந்துவிட்டு வருவது கஷ்டம். புதரோரம் சாய்ந்து கிடக்கும் பையை மறப்பது சுலபம்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு விதமாகவும் சாமான் போகும், அது கனடா ஏரியில் அவ்வளவாக இல்லாத விஷயம். ராத்திரியில் நீர்மட்டம் ஏறுவது. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்துவிடுகிற தண்ணீர் மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல் வந்து மேட்டூரில் சேர்கிறது. இங்கே மழையே இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், ஆனால் காலையில் பார்த்தால் நேற்று அடுப்பு வைத்த இடம் தண்ணீருக்குள் இருக்கும். 2024 ஜூலை இறுதியில் மேட்டூர் முழு மட்டமான 120 அடியைத் தொட்ட அந்த மாதிரி நாட்களில் யாரும் பயணம் போகப் போவதில்லை, பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். ஆபத்து சாதாரண நாட்களில்தான். நீர்வரத்து கொஞ்சமாக ஏறும், கரை அங்கே தட்டையாக இருப்பதால் கொஞ்ச ஏற்றத்துக்கே தண்ணீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும்.

அப்படித்தான் எங்கள் டிரம் ஒருமுறை போனது. அது திரும்பி வந்த கதைதான் என்னை டிரம் கட்சியில் சேர்த்தது.

முதலில் மிதக்கிற கணக்கைப் பார்ப்போம். எங்கள் டிரம் 40 லிட்டர். சாமானோடு எடை சுமார் 14 கிலோ. அதாவது மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் போகும், மீதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதே சாமானை டிரை பேக்கில் போட்டால், இடம் அடைக்கக் கூடாது என்று காற்றைப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் சுருட்டுகிறோம். 40 லிட்டர் பை 20 லிட்டராகச் சுருங்கும். எடை அதேதான், கொள்ளளவு பாதி. ஆகவே அது தண்ணீரோடு தண்ணீராகப் படுத்து மிதக்கும். பத்தடி தள்ளி நின்றாலே அலையில் மறைந்துவிடும். காற்றைப் பிழியாமல் உள்ளேயே வைத்து மூடினால் நன்றாக மிதக்கும் என்பது உண்மை, ஆனால் பரிசலில் எல்லோரும் முழங்காலை மடக்கி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஊதிப்போன பைக்கு இடம் யார் தருவது?

வெளியே துருத்தி நிற்பதில் இன்னொரு லாபம், காற்று அதைப் பிடித்துத் தள்ளும். நீர்த்தேக்கத்தில் ஓட்டம் குறைவு, காற்றுதான் ராஜா. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். தர்மபுரிக் கரை கிழக்கே, கொளத்தூர், கோட்டையூர் எல்லாம் எதிர்க்கரை. அந்த மாதங்களில் மிதந்துபோன டிரம் பெரும்பாலும் நம் கரைக்கே வந்து முட்டும். ஓடுகிற ஆற்றில் இந்தக் கணக்கு செல்லாது. ஒகேனக்கல் பாறை இடுக்குகளில் டிரம் எப்படிப் போகும் என்று நான் அனுபவத்தில் சொல்ல முடியாது. வழவழப்பான பை இடுக்கில் செருகிக்கொள்ளும், டிரம் முட்டி முட்டி வெளியே வந்துவிடும் என்று பரிசல்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் குதித்து நீந்தி எடுக்கப் போகாதீர்கள். அங்கே முதலை இருக்கிறது. சாமான் தானாக வந்து சேருவதுதான் ஒரே வழி.

சரி, டிரம் மிதந்தது, பார்த்தார்கள். ஆனால் எடுக்கவில்லை! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மீன்பிடிக்கிறவர்கள் வலைக்கு அடையாளமாகப் பழைய கேன், பாட்டில், தெர்மோகோல் எல்லாம் கட்டி மிதக்கவிடுவார்கள். அடுத்தவர் மிதவையைத் தொடுவது அங்கே பெரிய குற்றம். எங்கள் நீல டிரம்மைத் தினமும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார் ஒருவர். கேட்டதற்கு, "ஆரோ வலைக்குக் கட்டுன மிதவைன்னு நெனச்சேன் சார், அதான் தொடல" என்றார். கடைசியில் அது கரையில் ஒதுங்கிய பிறகுதான் எடுத்து வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் தீப்பெட்டி முதற்கொண்டு காய்ந்து இருந்தது.

அதற்குப் பிறகு டிரம்மின் இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை அடித்துவிட்டோம். பிளாஸ்டிக்கில் சாதாரண பெயின்ட் உரிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஸ்பிரே அடித்தால் ஓரளவு நிற்கிறது, வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

டிரை பேக்குக்கு நடந்தது வேறு. சாம்பல் நிறப் பை, நண்பர் ஒருவருடையது. போன அன்றே மூழ்கியிருக்க வேண்டும், ஊசிமுனை அளவு ஓட்டை போதும் அதற்கு. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும், நிலம் தெரிந்த இடத்தில் எல்லாம் ஜனங்கள் உழுது பயிர் வைப்பார்கள். அப்படி ஒருவர் ஏர் ஓட்டும்போது பை மாட்டிக் கிழிந்தது. உள்ளே இருந்த ஸ்டவ், பாத்திரம் தவிர எல்லாம் சேறு. அது யாருடையது என்று தெரிந்ததுகூட, பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயரால்தான். நம் ஊரில் கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் இப்படி ஒரு நாள் கைகொடுக்கும் என்று யார் நினைத்தார்கள்?

டிரம்முக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு, அதில் முதலாவது இந்த மாவட்டத்துக்கே உரியது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாய் வந்த பிறகும் டிரம்மில் பிடித்து வைக்கிற பழக்கம் போகவில்லை. மூடியோடு கூடிய நல்ல டிரம் ஆற்றில் அநாதையாக வந்தால் அது ஒரு வீட்டின் வாசலில் தண்ணீர் டிரம்மாகிவிட வாய்ப்பு அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பட்டை, பெயர், எண் எல்லாம் பெரிதாக இருந்தால்தான் அது ஒருவருடைய பொருள் என்று தெரியும். இன்னொன்று, போகும்போதே பரிசல் துறையில் இருப்பவர்களிடம், "ஆரஞ்சுப் பட்டை போட்ட டிரம் எங்களுடையது, கண்ணில் பட்டால் சொல்லுங்க, டீச்செலவுக்குப் பார்த்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பது. இந்த ஒரு வார்த்தை பெயின்ட்டைவிட நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது, தூக்கிக்கொண்டு நடப்பது. பை முதுகில் ஒட்டிக்கொள்ளும், டிரம் ஒட்டாது. கனடாவில் அதற்கென்று பட்டை வைத்த சேணம் விற்கிறார்கள். நாங்கள் பழைய ஸ்கூல் பேக் வார்களைக் கயிற்றால் கட்டி ஒப்பேற்றுகிறோம். தூரம் அதிகம் நடக்க வேண்டியிருந்தால் பைதான் வசதி, அதில் மறுபேச்சு இல்லை. கனூவில் டிரம் உருளும் என்பதும் ஒரு குறை. பரிசலின் தட்டை அடியில் அது நிமிர்ந்து நிற்கும், உட்கார முக்காலியும் ஆகும்.

பராமரிப்பில் டிரம் சாதுவானது. ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டாமல் துணியால் துடைத்தால் போதும், தேங்காய் எண்ணெய், கிரீஸ் என்று எதையும் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். டிரை பேக்கைத் தகரக் கூரைக்குக் கீழே போட்டுவைத்தால் நம் கோடை வெயிலில் மடிப்புக்கு மடிப்பு விறைத்து வெடிக்கும். ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் ஒட்டு அந்தப் பிவிசி துணியில் நிற்காது, அதற்கென்று தனிப் பசை வாங்க வேண்டும். விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. டிரம் மலிவு. வாங்கும்போது ஒன்றே ஒன்று: ரசாயனம் வந்த பழைய டிரம்மை எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். ஊறுகாய், உணவுப் பொருள் வந்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள்.

குரங்கைச் சொல்லாமல் விட்டால் ஒகேனக்கல்காரர்கள் சிரிப்பார்கள். கிளிப்பை இழுத்துப் பையைப் பிரிக்க அவற்றுக்குப் பத்து எண்ணும் நேரம் போதும். இரும்பு வளையம் போட்ட மூடியை உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

டிரை பேக்கை நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. சின்னப் பையில் கேமரா, மருந்து, மாற்றுத்துணி போட்டு அதை டிரம்முக்குள் வைக்கிறோம். மூடியை ஈரக்கையால் திறக்கும்போது சொட்டுகிற தண்ணீருக்கு அது தடுப்பு. சாமானைப் படகோடு கட்டுவதா வேண்டாமா என்று கனூக்காரர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. பரிசலில் கட்ட இடமும் இல்லை, கயிறு காலில் சிக்கினால் அது சாமான் தொலைவதைவிட மோசம். ஆகவே நாங்கள் கட்டுவதில்லை. ராத்திரி மட்டும் கரையில் மேட்டில் ஏற்றி மரத்தோடு கட்டுகிறோம்.

பெயரும் எண்ணும் எழுதும்போது மூடியில் ஒன்று, உடம்பில் ஒன்று என இரண்டு இடத்தில் எழுதுங்கள், இரண்டும் தனித்தனியாகப் போகக் கூடியவை. மார்க்கர் பேனா அழிந்துவிடும், பற்றவைப்புக் கோலால் சுட்டு எழுதினால் நிற்கும். எந்த எண் என்பதையும் யோசித்து எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தன் செல் எண்ணையே அழகாகச் சுட்டு வைத்திருந்தார். அந்த செல்போன் எப்போதும் இருப்பது அதே டிரம்முக்குள். இப்போது அதை அடித்துவிட்டு அவர் வீட்டம்மா எண் இருக்கிறது.