கோர்ட் வளாகத்து இலவச சட்ட உதவி மையம்: கடன் வழக்கில் டிகிரி ஆன பிறகு போனவளின் அனுபவம்

தம்பி வாங்கிய கடனுக்குப் புரோநோட்டில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். சம்மன் வந்தபோது “நான் பார்த்துக்கிறேன்க்கா” என்றான், நானும் நம்பி ஒரு வாய்தாவுக்குக்கூடப் போகவில்லை, நாங்கள் வராமலேயே, எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகி 2,85,000 ரூபாய்க்கு எங்கள் இருவர் மேலும் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு, போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் டிகிரி இல்லாத ஒரே ஆள் நான், கடைசியில் அதுவும் இப்படி வந்து சேர்ந்தது.

எனக்கு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை, சம்பளம் 19,000. இதில் எங்கே கட்டுவது? பணம் கொடுத்தவரின் ஆள் வேறு போனில் “ஜெயிலுக்குத்தான் போகணும்” என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போனேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ‘மனு எழுதிக்கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள், அதை எப்படி எழுதுவது என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. இரண்டாவது தடவை வக்கீல் வரவில்லை. மூன்றாவது தடவைதான் வேலை நடந்தது, அதற்குள் மூன்று அரை நாள் சம்பளம் போச்சு. உட்கார நாலே நாற்காலி.

ஆனால் அந்த மூன்றாவது நாள் வந்த வக்கீலம்மாவுக்காக முந்தைய இரண்டு நாளையும் மன்னிக்கலாம். என் பேப்பரைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “தீர்ப்பாகி எத்தனை நாள் ஆச்சும்மா?” 41 நாள் என்றேன். உச்சுக் கொட்டினார். தவணையில் கட்ட அனுமதி கேட்கும் மனுவைத் தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டுமாம், அதற்கும் பணம் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டுமாம். வழக்கு நடக்கும்போதே போய் நின்றிருந்தால் அவர் சம்மதம் இல்லாமலேயே நீதிபதி தவணை போட்டிருக்க முடியும். இதை வாசலில் ஒரு போர்டில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாமா என்றேன், “கடன் உண்மைதானே, வாய்தாவுக்கு அலையறதுதான் மிச்சம்” என்று நேராகச் சொன்னார். ஃபீஸ் வாங்குகிற ஆளாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. என் கணக்கில் 13,000 எனக்கு, ஜப்தி ஆகக்கூடியது மாதம் 6,000. அதையும் ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம், அதற்கு மேல் அந்த டிகிரிக்காகச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஆக, டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு (ஈ.பி.) போட்டு என் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தவர் எடுக்கக்கூடியது 1,44,000. தம்பி பெயரில் ஒன்றுமே இல்லை. “இது அவர் வக்கீலுக்கும் தெரியும், அதனால பேச வருவாங்க” என்றார்.

ஜப்தி செய்ய கோர்ட் ஊழியர் (அமீனா) வந்தால் தாலி, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை இதையெல்லாம் எடுக்க முடியாது. என் ஸ்கூட்டரை எடுக்கலாம், அதையும் மறைக்காமல் சொன்னார். ஜெயில் விஷயம் கேட்டதும் சிரித்துவிட்டார், பணம் கட்டச் சொல்லும் டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாதாம், பிரிவு 56. ஆண்களையும் கையில் காசில்லை என்பதற்காக மட்டும் உள்ளே தள்ள முடியாது, வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். 1980இலேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லியிருக்கிறாராம். இத்தனை நாளாகத் தூக்கம் கெட்டது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) வைத்துப் பேசினார்கள். அவர்கள் இரண்டரை லட்சத்தில் ஆரம்பித்தார்கள், கடைசியில் 2,00,000, மாதம் 4,000, 50 மாதம் என்று முடிந்தது. டைப் அடித்த தாளில் ‘ஒரு தவணை தவறினாலும் முழு டிகிரித் தொகையும் உடனே’ என்று இருந்தது, எங்கள் வக்கீலம்மா அதைக் கவனிக்கவில்லை, நான்தான் வாசித்துப் பார்த்து மூன்று தவணை என்று மாற்றச் சொன்னேன். இந்த உத்தரவு மேல் அப்பீல் கிடையாது, அதனால் கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், அவசரப்படுத்தினாலும் படியுங்கள்.

தவணையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கோர்ட்டில் பதிவாகாத பணத்தை டிகிரியை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. நான் பேங்க் வழியாகவே அனுப்புகிறேன், சம்பள ஜப்திக்குக் கடைக்கு லெட்டர் வரும், முதலாளி என்ன நினைப்பாரோ என்ற பயமும் இப்போது இல்லை. தம்பி இந்த மாதம் 1,500 அனுப்பினான், அது தனிக் கதை.

செலவு? வக்கீல் ஃபீஸ் ஒரு பைசா இல்லை. பெண்களுக்கு வருமானச் சான்றிதழ்கூட வேண்டாம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் அந்த 30 நாள் போர்டுக்காகக் குறைத்தது, ஒன்று அலைய விட்டதற்கு. போவதற்கு முன் சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்பு நகல், சம்பளச் சீட்டு, ஆதார், மூன்றையும் வீட்டுப் பக்கமே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், கோர்ட் வாசலில் பக்கத்துக்கு 5 ரூபாய் கேட்கிறார்கள்.