ஓபோன் சொசைட்டி: போர்க்களத்திலிருந்து வந்த கொடியை உரியவர் வீட்டில் சேர்க்கும் சேவை

இரண்டாம் உலகப் போரில் இறந்த ஜப்பானிய வீரர்களிடமிருந்து எதிர்த்தரப்பு வீரர்கள் நினைவுப்பொருளாக எடுத்துவந்த கொடிகள், நாட்குறிப்புகள், கடிதங்கள் ஆகியவற்றை உரிய குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைக்கும் அமைப்பு, ஓபோன் சொசைட்டி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அஸ்டோரியா என்ற சிறிய ஊரிலிருந்து இயங்கும் இதனை 2009ஆம் ஆண்டு ரெக்ஸ் ஜியாக், கெய்கோ ஜியாக் தம்பதியர் தொடங்கினர். கெய்கோவின் தாத்தா பர்மாப் போருக்குச் சென்று திரும்பாதவர். அவர் உடன் கொண்டுசென்ற கொடி 2007ஆம் ஆண்டு எதிர்பாராத வகையில் குடும்பத்திடம் வந்துசேர்ந்ததே இந்தப் பணிக்கு வித்திட்டது.

ஒரிகனில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் மூதாட்டி, தம் தந்தை பிலிப்பைன்ஸ் போர்முனையிலிருந்து கொண்டுவந்த ஒரு கொடியைப் பழைய பெட்டியொன்றில் வைத்திருந்தார். அதனை அனுப்பிவைக்கும் வேலையில் உடனிருந்து உதவியதால் இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். கைக்குட்டையை விடச் சற்றே பெரிதாக மடிக்கப்பட்டிருந்த அந்த மெல்லிய பட்டுத்துணியை விரித்தபோது, நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் தூரிகையால் எழுதிய பெயர்கள் நிறைந்திருந்தன. கட்டுவதற்குக் கயிறு கோக்கும் மூலைகளில் முக்கோணத் தோல்துண்டுகள் தைக்கப்பட்டிருந்தன. மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு இற்றுப்போயிருந்தது. போருக்குப் புறப்படும் மகனுக்கு உற்றாரும் ஊராரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடி அது. வீரர்கள் இதனை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், இறந்தவர்களின் உடலிலிருந்தே பெரும்பாலான கொடிகள் எடுக்கப்பட்டன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் இதற்கு நல்ல விலை தருவதாகச் சொல்லிப் பலமுறை வற்புறுத்தினார் என்று அந்த அம்மா வருத்தத்துடன் கூறினார்.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது, அதனை நடத்துபவர்கள் கொடி வைத்திருப்பவரிடம் காட்டும் பண்பாகும். எடுத்துவந்தவரைக் குற்றவாளியாக்கும் ஒரு சொல்கூட அவர்களிடமிருந்து வருவதில்லை. மன்னிப்புக் கேட்கும்படி யாரையும் எதிர்பார்ப்பதும் இல்லை. படத்தையும் தெரிந்த விவரங்களையும் அனுப்பினால் வழி சொல்கிறார்கள். கொடியில் உள்ள பெயர்களையும் கோயில், ஊர்க் குறிப்புகளையும் ஜப்பானில் உள்ள அறிஞர்களும் தன்னார்வலர்களும் படித்துத் தேடுகிறார்கள். கொடுப்பவரிடமும் பெறுபவரிடமும் பணம் வாங்குவதில்லை. நன்கொடையில்தான் எல்லாம் நடக்கிறது.

பெறுபவர்களுக்கு இது எத்தகையது என்பதற்கு 2017ஆம் ஆண்டு நடந்த ஒப்படைப்பே போதும். 1944இல் சைபான் தீவில் இறந்துகிடந்த சதாவோ யசுவேயின் கொடியை எடுத்துவந்த அமெரிக்க வீரர் மார்வின் ஸ்ட்ராம்போ, 93 வயதில் இந்த அமைப்பின் உதவியுடன் ஜப்பானின் மலைக்கிராமம் ஒன்றுக்கு நேரில் சென்று, யசுவேயின் தம்பியின் கையில் அதனைக் கொடுத்தார். போர் முடிந்தபின் அரசு அந்தக் குடும்பத்துக்கு அனுப்பிய பெட்டியில் சில கற்கள் மட்டுமே இருந்தன. வெளிநாடுகளில் இறந்த ஏறத்தாழ 24 லட்சம் ஜப்பானியர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இன்றளவும் வீடு திரும்பவில்லை. அத்தகைய குடும்பங்களுக்குக் கொடியே இறந்தவராக வந்துசேர்கிறது. நமது மகாளய பட்சத்தைப் போல முன்னோர் வீட்டுக்கு வருவதாக ஜப்பானியர் நம்பும் ஓபோன் காலத்தின் பெயரை அமைப்புக்கு வைத்தது மிகவும் பொருத்தமானது.

குறை என்று சொன்னால் காத்திருப்புதான். எழுத்து மங்கியிருக்கலாம், ஊர்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கலாம், வாரிசுகள் இடம்பெயர்ந்திருக்கலாம். சில தேடல்கள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன, சில முடிவு காண்பதே இல்லை. அந்த அம்மாவின் கொடிக்கும் இன்னும் உரியவர் கிடைக்கவில்லை. வயது முதிர்ந்தவர்கள் இதனை உணர்ந்து, தள்ளிப்போடாமல் அனுப்புவது நல்லது. வாள்களின் கதை வேறு. ஜப்பானின் ஆயுதச் சட்டப்படி, தொழிற்சாலையில் செய்த இராணுவ வாள்களை அந்நாட்டுக்குள் கொண்டுசெல்வது மிகக் கடினம் என்பதால், அவற்றைக் கொடிகளைப் போல எளிதில் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

அனுப்ப நினைப்பவர்கள் கொடியைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். கறையென்று நாம் கருதுவது அந்தக் குடும்பத்துக்கு வேறொன்றாக இருக்கலாம். தந்தையோ தாத்தாவோ எந்தப் படைப்பிரிவில், எந்த இடத்தில் பணியாற்றினார் என்பதைத் தெரிந்தவரை எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். பர்மாப் போர்முனையில் மதராஸ் சாப்பர்ஸ் உள்ளிட்ட இந்தியப் படைப்பிரிவுகளில் பணியாற்றிய தமிழர்களும் உண்டு. அவர்களின் வீட்டுப் பரண்களில் எழுத்து நிறைந்த ஜப்பானியக் கொடியோ நாட்குறிப்போ கிடைத்தால், எந்த வியாபாரிக்கும் வாக்குக் கொடுப்பதற்கு முன்பாக ஒரு படம் எடுத்து அஸ்டோரியாவுக்கு அனுப்பிவிடுங்கள்.