ஃபர்ம்ஸ் தீ வரைபடம்: நிலப் பயன்பாட்டு ஆய்வுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நகரம் விரிந்துகொண்டே போகிற விளிம்பில் எந்தத் தரிசைப் பூங்காவாக்கலாம், எது காய்ந்த புல்லும் புதருமாகக் கிடந்தால் பக்கத்து வீடுகளுக்கு ஆபத்து என்று வரைபடம் போட்டுத் தருவது என் வேலை. அதற்காக நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற தீ வரைபடச் சேவையை வேலை நாட்களில் தவறாமல் திறந்து பார்ப்பவள் நான். இந்த மதிப்புரை அந்த இடத்திலிருந்து எழுதியது. தீயணைப்பு வீரருக்கும் வனக்காவலருக்கும் இதே சேவை வேறு மாதிரித் தெரியலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் தீத் தரவுகளில் நான் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால் தீ எங்கே எரிந்தது என்பதைத்தான் இது சொல்லும். இனி எங்கே எரியக்கூடும், எரிந்தால் யார் வீட்டு வாசலுக்கு வரும் என்பதற்குப் புள்ளிக்கு அடியில் இருக்கும் நிலத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2012இல் நாசாவின் கைக்கு வந்த சேவை இது. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியும், சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகியவற்றில் உள்ள வியர்ஸ் கருவியும் பூமியைச் சுற்றியபடி வெப்பத்தைப் பதிகின்றன. எரியும் இடம் ஏறத்தாழ 4 மைக்ரான் அலைநீளத்தில் சுற்றுப்புறத்தைவிடத் தனியாகப் பளிச்சிடும். அதைக் கணினி நிரல் பிடித்து, வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறது. செயற்கைக்கோள் கடந்துபோன 3 மணி நேரத்துக்குள் உலகின் எந்த மூலைக்கும் புள்ளி வந்துவிடுகிறது. பார்ப்பதற்குக் காசு கிடையாது.

ஒரு புள்ளியைச் சொடுக்கினால் சிறு பெட்டி திறக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை, எந்தச் செயற்கைக்கோள், எந்த நேரம், பகலா இரவா, மெகாவாட்டில் தீயின் வெப்ப வீச்சு, கணிப்பு எவ்வளவு உறுதி என்பதெல்லாம் அதில் இருக்கும். நேரம் உலகப் பொது நேரத்தில் வருவதால் நம் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உறுதியை மோடிஸ் 0 முதல் 100 வரை எண்ணாகத் தரும். வியர்ஸ் குறைவு, சாதாரணம், அதிகம் என்று மூன்றே வகையாகத் தரும். இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்து வடிகட்டப் பார்த்தால் குழப்பம்தான்.

அந்தப் பெட்டியில் இருக்கும் இடக்குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது தீ எரிந்த இடத்தின் முகவரி அல்ல, பிக்சல் எனப்படும் படக் கட்டத்தின் நடுப்புள்ளி. வியர்ஸின் பிக்சல் 375 மீட்டர், அதாவது சுமார் 14 ஹெக்டேர். மோடிஸ் பிக்சல் 1 கிலோமீட்டர், 100 ஹெக்டேர். செயற்கைக்கோள் நேர் கீழே பார்க்கும்போது இருக்கும் அளவு இது. ஓரமாகச் சாய்ந்து பார்க்கும்போது பிக்சல் இன்னும் அகலமாகிவிடும். அடர்காட்டில் இதனால் பெரிய பாதகம் இல்லை. நகர விளிம்பில் 14 ஹெக்டேருக்குள் ஒரு வீட்டு வரிசை, ஒரு காலி மனை, ஒரு குப்பைமேடு, ஓடைக்கரைப் புதர் எல்லாமே அடங்கிவிடும். புள்ளி வீட்டுக்கூரைமேல் விழுந்திருக்கிறது என்பதற்காக வீடு எரிந்தது என்று யாரும் பதறத் தேவையில்லை. என் வரைபடங்களில் புள்ளியை அப்படியே வைக்காமல், பிக்சல் அளவுக்குக் கட்டம் போட்டுத்தான் காட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

எரிவது எல்லாமே புல்லும் மரமும் இல்லை. உருக்காலை, எண்ணெய்க் கிணற்றின் எரிவாயுச் சுடர், எரிமலை எல்லாம் புள்ளியாகவே வரும். ஓர் இடத்தில் மழைக்காலம் வெயில்காலம் என்ற வித்தியாசமே இல்லாமல் இரவுதோறும் புள்ளி வந்தால் அது அநேகமாக உலையாகத்தான் இருக்கும். பழைய தரவைத் தரவிறக்கினால் அட்டவணையில் இதற்கென்றே ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதில் 0 என்றால் தாவரத் தீ என்று கருதலாம், 1 எரிமலை, 2 நிலத்தில் உள்ள மற்ற நிலையான வெப்ப மூலம், 3 கடலில் இருப்பது. நிலப் பயன்பாட்டு வேலைக்கு 0 மட்டும் போதும். உடனுக்குடன் வரும் தரவில் இந்தப் பிரிப்பு கிடையாது என்பதால், அன்றன்றைய புள்ளிகளை வைத்து அவசரமாக எதையும் எழுதிவிடக் கூடாது.

சரி, இது எதைத் தவறவிடும்? நகர்ப்புறப் பசுமை வெளிகளில் அக்கறை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வியர்ஸ் நிலநடுக்கோட்டைக் கடப்பது உள்ளூர் நேரப்படி பகல் ஒன்றரை மணி, இரவு ஒன்றரை மணியை ஒட்டி. மாலை நாலு மணிக்குப் பூங்காவின் பின்பக்கக் காய்ந்த புல்லில் யாரோ எறிந்த பீடித்துண்டு பற்றி, ஆறு மணிக்குள் அணைத்துவிட்டார்கள் என்றால் அந்தத் தீ வரைபடத்தில் ஏறவே ஏறாது. மேகம் மறைத்தாலும் தெரியாது. அடர்ந்த மரங்களுக்கு அடியில் சருகு மட்டும் மெதுவாக எரிந்தாலும் பெரும்பாலும் தெரியாது. எனவே புள்ளியே விழாத பூங்காவைத் தீ அண்டாத பூங்கா என்று எடுத்துக்கொள்ள முடியாது. நகரத்துக்குள் என்றால் தீயணைப்பு நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி இதோடு சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சிறு தீக்கள்தான் ஒரு காற்றுக்கால நாளில் பெருந்தீயாகின்றன.

பழைய தரவு இந்தச் சேவையின் பெரிய சொத்து. மோடிஸ் 2000 நவம்பரிலிருந்தும், வியர்ஸ் 2012 ஜனவரியிலிருந்தும் கிடைக்கின்றன. பகுதியையும் தேதியையும் குறித்துக் கேட்டால் கோப்பாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நோவா-20 ஏவப்பட்டது 2017இல், நோவா-21 ஏவப்பட்டது 2022இல். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஆண்டுவாரியாக வரைந்தால் தீ ஏறிக்கொண்டே போவதுபோல் தெரியும். ஏறியது கண்களின் எண்ணிக்கை. ஆண்டுகளை ஒப்பிட ஒரே ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டு, அதிலேயே கடைசிவரை நிற்க வேண்டும். நான் சுவோமியை எடுத்துக்கொள்கிறேன். டெர்ராவும் அக்வாவும் வயதாகி, கடக்கும் நேரம் முன்பின்னாக நகர்ந்துவிட்டதால் அண்மை ஆண்டுகளுக்கு அவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

அப்புறம் நிலம். புள்ளிகளுக்கு அடியில் நான் விரிப்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்டுகவர். 10 மீட்டர் துல்லியம், 11 வகை நிலப் போர்வை, 2020க்கும் 2021க்கும் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் கணிப்பு முறை வேறு என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து நிலம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. தண்ணீர் விட்டு வெட்டிப் பராமரிக்கும் பூங்காப் புல்லும், கேட்பாரற்று இடுப்பளவு வளர்ந்து காய்ந்த புல்லும் அங்கே ஒரே நிறத்தில் புல்வெளியாகவே வரும். தீயைப் பொறுத்தவரை இரண்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

2023 ஆகஸ்டில் ஹவாயில் மாவி தீவின் லஹைனா நகரம் எரிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தைச் சுற்றி ஒருகாலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. சாகுபடி நின்ற பிறகு அந்த நிலத்தில் கினிப்புல் போன்ற வெளிநாட்டுப் புற்கள் மண்டின. பலத்த காற்றில் அது பற்றியபோது நகரமே போனது, நூறு பேர்வரை மாண்டார்கள். நிலப் பயன்பாடு மாறியதுதான் அங்கே ஆபத்தாகத் திரண்டு கிடந்தது. தீப் புள்ளிகளின் பழைய எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அதன் அளவு பிடிபட்டிருக்காது. காடும் புதரும் வீடுகளும் சந்திக்கும் இப்படிப்பட்ட பகுதிகளை உலக அளவில் வரைந்த ஆய்வு 2023இல் வெளியானது. நிலப்பரப்பில் அவை 4.7 சதவீதம்தான். அங்கே வாழ்பவர்களோ சுமார் 350 கோடிப் பேர்.

இதைச் சொன்னதும் கூட்டங்களில் உடனே எழும் குரல், அப்படியானால் மரங்களை வெட்டிவிடலாமே என்பது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. வீடு பற்றுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜாக் கோஹன் காட்டியது, காற்றில் பறந்து வரும் தீக்கங்குகளும், வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 30 மீட்டருக்குள் இருப்பவையும்தான் வீட்டின் கதியைத் தீர்மானிக்கின்றன என்பதை. கூரைத் தாழ்வாரத்துச் சருகு, சுவரை ஒட்டிய காய்ந்த புதர், அடுக்கி வைத்த விறகு, இவற்றை அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை. நிழல் தரும் மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, அடியில் புல்லை வெட்டி வைத்தால் மரம் நிற்கலாம். வீட்டிலிருந்து 3 மரங்கள் கண்ணில் படட்டும், குடியிருப்பில் 30 சதவீதம் மர நிழல் இருக்கட்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமை வெளி இருக்கட்டும் என்று 2021இல் நகர மரங்களை ஆராயும் செசில் கோனைனன்டைக் முன்வைத்த அளவுகோலைத் தீ பயத்தில் கைவிட வேண்டியதில்லை. அந்த 300 மீட்டரில் இருக்கும் வெளியை யார் பராமரிக்கிறார்கள், வெயில்காலத்தில் தண்ணீர் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரியில் சிலியின் வின்யா டெல் மார் நகரத்துத் தாவரவியல் பூங்காவின் பெரும்பகுதி எரிந்துபோனது. பசுமை வெளிக்கும் காவல் வேண்டும்.

அடுத்த சில நாட்களின் ஆபத்தைப் பார்க்க ஃபர்ம்ஸ் உதவாது. அதற்கு ஜிவிஸ் என்ற உலகத் தீத் தகவல் தளத்துக்குப் போங்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகிய நான்கையும் வைத்துக் கணக்கிடும் கனடாவின் தீ வானிலைக் குறியீடு அங்கே கிடைக்கும். இரண்டு தளங்களையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துக்கொள்வதுதான் என் பழக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கும், குடியிருப்போர் சங்கத்தில் பூங்காவைக் கவனிப்பவர்களுக்கும் ஃபர்ம்ஸைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். புதிதாகத் தொடங்குபவர்கள் மோடிஸை அணைத்துவிட்டு வியர்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் எச்சரிக்கையில் உங்கள் பகுதியைக் குறிக்கும்போது நகர எல்லையோடு நிறுத்தாமல், வெளியே இருக்கும் புல்வெளியும் புதர்க்காடும் அடங்கும்படி சில கிலோமீட்டர் தள்ளிக் கோடு போடுங்கள். புள்ளி வந்தால், அந்த இடத்தை அறிந்த ஒருவரிடம் ஃபோன் போட்டு அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.